கூத்தமங்கலத்துக்கு எருமை வந்த நாள்

எங்கள் ஊராட்சிக்கு அவசரமாக நாலு எருமை தேவைப்பட்டது. மறுநாள் காலைக்குள் வேண்டும். வளர்ப்பதற்கு அல்ல, காட்டுவதற்கு.

"கிளார்க்கம்மா, மாடு எங்கேயாவது கிடைக்குமா?" என்று தலைவர் கலியபெருமாள் போனில் கேட்டபோது நான் பதறவில்லை. "பசுவா, எருமையா?" என்றுதான் கேட்டேன். ஊராட்சி செயலர் வேலையில் இத்தனை வருஷம் இருந்தவளுக்கு ஆச்சரியப்படும் பழக்கமே போய்விட்டிருந்தது.

"பசுவெல்லாம் டவுன்லயே சுத்துதும்மா. எருமைன்னாத்தான் பாத்ததும் கிராமம்னு ஒரு பிடிப்பு வரும்" என்றார் அவர்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் சிலர், "அக்கா, உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத அனுபவம் ஒண்ணு எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். புயல் நிவாரணம் பற்றியோ தேர்தல் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கு ஞாபகம் வருவது அந்த எருமைகள்தான். அவை ஏன் வந்தன என்று புரிய வேண்டுமானால் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அடங்கலில் நெல், தரையில் டைல்ஸ்

கூத்தமங்கலம் தஞ்சாவூரை ஒட்டிய ஊர். எங்கள் மேல்நிலைத் தொட்டியின் மேல் ஏறினால் பெரிய கோயில் கோபுரம் தெரியும். அந்த தரிசனம் டேங்க் ஆபரேட்டருக்கு மட்டும் தினமும் கிடைக்கும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஊர் என்பது நாலைந்து தெருக்கள், நடுவில் ஒரு வாய்க்கால், அதற்கு இரண்டு பக்கமும் நஞ்சை. புதாறு என்கிற கல்லணைக் கால்வாயில் தண்ணீர் நேரத்தோடு வந்தால் குறுவை உண்டு. வராவிட்டால் சம்பா மட்டும்.

பிறகு டவுன் வீங்க ஆரம்பித்தது. முதலில் ஒருவர் வயலை விற்றார். மனைக்கல் நட்டதும் அவர் வயல் வழியாகப் பாய்ந்த மடை அடைபட்டது. தண்ணீர் ஏறாத வயலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அடுத்தவரும் விற்றார். அவருக்கு அடுத்தவருக்கும் அதே கதை. இப்படித்தான் வாய்க்காலுக்கு மேற்கே இருந்த வயல் முழுக்க வீடாயிற்று. யாரையும் குறை சொல்ல முடியாது. சொன்னால் என்னையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் அங்கேதான் ஒரு மனை வாங்கி வீடு கட்டினேன்.

லே-அவுட் போட்ட புரோமோட்டருக்கு மூன்று பெண்கள். அதனால் காயத்ரி நகர், ஹரிணி நகர், தர்ஷினி நகர் என்று மூன்று நகர்கள் வந்தன. நாலாவதாகப் பையன் பிறந்தான். பையன் என்பதால் நகர் போதாது என்று விக்னேஷ் அவென்யூ என்று வைத்தார். அவென்யூவுக்கும் நகருக்கும் ஒரே குண்டும் குழியுமான சாலைதான்.

பழைய அடங்கலை, அதாவது கிராமப் பயிர்க் கணக்கைப் புரட்டினால் அந்த இடத்தில் நெல் விளையும். நேரில் போனால் டைல்ஸ் பளபளக்கும். வாய்க்காலுக்குக் கிழக்கே மட்டும் இன்றைக்கும் விவசாயம் உண்டு. நகர் வீடுகளின் குளியலறைத் தண்ணீர் வாய்க்காலில் விழுகிறது. வாய்க்கால் தண்ணீர் கிழக்கே வயலுக்குப் போகிறது. வயலில் விளைந்த நெல் அரிசியாகி நகருக்கே திரும்பி வருகிறது. இதை இரண்டு தரப்பும் எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை.

அறுவடைக் காலத்தில் கிழக்குத் தெருக்காரர்கள் நகரின் சிமெண்ட் ரோட்டில் நெல் காயப்போடுவார்கள். நகர்வாசிகள் என்னிடம் புகார் சொல்வார்கள். காரை நெல்லின் மேல் ஏற்றினார்கள் என்று கிழக்குத் தெருக்காரர்களும் என்னிடமே வந்து புகார் சொல்வார்கள். இரண்டு பக்கத்துக்கும் "பாக்கிறேன்" என்று ஒரே பதிலைச் சொல்வதுதான் என் வேலையில் பாதி.

தண்ணீர் வரணும், வரி ஏறக்கூடாது

இந்த நிலையில், எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்க்கலாமா என்று மேலே யோசிப்பதாகத் தகவல் வந்தது. கருத்துக் கேட்க கிராம சபை கூட்டினோம். வழக்கமாகக் கோரத்துக்கு ஆள் சேர்ப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். அன்றைக்கு உட்கார ஜமுக்காளம் போதவில்லை.

நகர்கள் நலச் சங்கத்தின் செயலாளர் சந்தானம் சார் முதலில் எழுந்தார். இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், கூட்டத்துக்குச் சரியான நேரத்துக்கு வரும் ஒரே ஆள்.

"எங்களுக்கு மாநகராட்சி வேணும். கொள்ளிடத்துத் தண்ணி வேணும், பாதாளச் சாக்கடை வேணும். என் பொண்ணு அமெரிக்காவுல இருந்து பார்சல் அனுப்புறப்ப அட்ரஸ்ல வில்லேஜ்னு எழுதுறா. மாப்பிள்ளை வீட்டுல, 'உங்க அப்பா எந்தக் காட்டுல இருக்கார்'னு கேக்குறாங்க."

தலைவர் குறுக்கிட்டார். "சார், மாநகராட்சின்னா வீட்டு வரி ஏறும்."

"வரி ஏறக்கூடாது. தண்ணி மட்டும் வரணும்."

"அப்படி ஒரு ஊராட்சி இருந்தா சொல்லுங்க சார், நானே குடி போயிடுறேன்" என்றார் தலைவர். ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நின்றுகொண்டிருந்த நகர்வாசிகள் சிரிக்கவில்லை.

தலைவரின் கஷ்டம் எனக்குத்தான் தெரியும். அவர் தலைவர் மட்டுமல்ல, மனை புரோக்கரும்கூட. ஊர் மாநகராட்சியானால் அவர் கையில் இருக்கும் மனைகளின் விலை ஏறும், ஆனால் தலைவர் பதவி போய்விடும். கிராமமாகவே இருந்தால் பதவி நிற்கும், மனை தூங்கும். பாவம், கூட்டத்தில் எந்தப் பக்கம் ஆவேசமாகப் பேசினாலும் உள்ளுக்குள் ஒரு பக்கம் வலித்திருக்கும்.

கிழக்குத் தெருக்காரர்களுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. அவர்களுக்கு ஒரே பயம்தான். ஊர் மாநகராட்சியானால் நூறு நாள் வேலை கிடையாது. அது கிராம ஊராட்சிக்கு மட்டும் உள்ள திட்டம். வார்டு ஆன மறுநாளே ஜாப் கார்டை வைத்து விசிறிக்கொள்ளலாம்.

மல்லிகா

இந்த இடத்தில் மல்லிகாவைச் சொல்ல வேண்டும். கிழக்குத் தெருவில் இருப்பவள். புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகள், நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். மல்லிகா அந்தக் காலத்தில் நடவில் எல்லாருக்கும் முன்னால் போகிற கை. பிறகு நடவு மெஷின் வந்தது, அதே சமயத்தில் முழங்காலும் போனது. இரண்டும் ஒன்றாக வந்ததால் எதை நொந்துகொள்வது என்று அவளுக்கே தெரியவில்லை.

அதனால் காலையில் நூறு நாள் வேலை. அதிலிருந்து வருவது மகள் படிப்புக்கு. அது முடிந்ததும் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி மேற்கே போய் வீட்டு வேலை. அது சாப்பாட்டுக்கு. வீட்டு வேலை யார் வீட்டில் என்றால், சந்தானம் சார் வீட்டில். சமையல்கட்டு முழுக்க அவள் பொறுப்பு. சாரின் மனைவி லலிதா அம்மாவுக்கு உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்பதுகூட மல்லிகாவைக் கேட்டால்தான் தெரியும்.

கிராம சபை முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

"கிளார்க்கம்மா, நெசமாவே சேத்துடுவாங்களா?"

"கருத்துதான் கேக்குறாங்க மல்லிகா."

"கருத்துக் கேக்குறாங்கன்னா முடிவு பண்ணிட்டாங்கன்னுதானே அர்த்தம்" என்றாள். "சார்கிட்ட நான் போய்ச் சொல்ல முடியுமா, எனக்காக டவுன் வேண்டாம்னு இருங்கன்னு? அவரு நல்லவருதான். ஆனா அவருக்கு அட்ரஸ் முக்கியம்."

மகள் படிப்பு பாதியில் நின்றுவிடுமோ என்ற பயம் அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

அக்கரையிலிருந்து

சில நாளில், மறுநாளே கள ஆய்வுக்கு ஓர் அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. ஊர் விவசாயத் தன்மையோடு இருக்கிறதா, நகரத் தன்மையோடு இருக்கிறதா என்று நேரில் பார்ப்பாராம்.

அன்றைக்குச் சாயங்காலமே ஊர் இரண்டாகப் பிரிந்து வேலையில் இறங்கியது. நகர்க்காரர்கள் ரோட்டைப் பெருக்கினார்கள், விளக்குக் கம்பத்துக்குப் பெயிண்ட் அடித்தார்கள், வாசலுக்கு வாசல் குரோட்டன்ஸ் தொட்டி வைத்தார்கள். வாசலில் கோலம் போட்டால் கிராமம் மாதிரி இருக்குமா என்று சங்கத்தில் ஒரு விவாதமே நடந்ததாம். கடைசியில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டலாம் என்று முடிவாயிற்று.

கடைசியில் பதவிப் பக்கம் சாய்ந்துவிட்ட தலைவர் தரப்பில் வைக்கோல் ஏற்பாடு செய்தார்கள். ஹரிணி நகர் ரோட்டில் ஒரு வண்டி வைக்கோலைக் கொட்டிவிட்டு வந்தார்கள். சங்கத்தார் அதைக் கூட்டி வாய்க்கால் ஓரம் தள்ளினார்கள். இருட்டுவதற்குள் வைக்கோல் மறுபடியும் ரோட்டுக்கு வந்துவிட்டது. நான் என் வீட்டு வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதவிப்படி நான் தலைவர் தரப்பு, விலாசப்படி சங்கத் தரப்பு. எந்தப் பக்கத்துக்கும் துடைப்பம் எடுத்துக் கொடுக்காமல் உள்ளே போய்விட்டேன்.

அப்போதுதான் அந்த போன் வந்தது. எல்லாம் இருக்கிறது, மாடு இல்லை. உண்மையில் கூத்தமங்கலத்தில் மாடு வளர்ப்பதை ஏறக்குறைய எல்லாரும் விட்டுவிட்டார்கள். மேய்ச்சல் இடமெல்லாம் மனை. கிழக்குத் தெருவிலேயே பாக்கெட் பால்தான். டிராக்டர் உழுகிறது, மெஷின் அறுக்கிறது, மாட்டுக்கு இங்கே வேலை இல்லை.

"ஆத்துக்கு அக்கரையில தோப்பூர்ல என் மச்சான் இருக்காரு. அங்கே வீட்டுக்கு வீடு எருமைதான்" என்றார் தலைவர். எனக்கும் அது சரியாகவே பட்டது. தோப்பூர் பக்கம் போனால் சாணி வாசனையும் தட்டிக் காய்கிற வரட்டியும்தான். எங்களைவிட அது நூறு மடங்கு கிராமம்.

மறுநாள் காலையில் இரண்டு குட்டியானை லோடு வண்டிகளில் எருமைகள் வந்து இறங்கின. கூடவே அவற்றின் சொந்தக்காரர் சாமிக்கண்ணுவும் வந்தார். அவர் இல்லாமல் அவை நிற்காதாம். ஊராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் கட்டினோம்.

"அண்ணே, யாரு கேட்டாலும் நீங்க இந்த ஊருதான். வேற எதுவும் பேச வேண்டாம்" என்று தலைவர் சொல்லி வைத்தார்.

"நான் ஏன் பேசப்போறேன்?" என்றார் சாமிக்கண்ணு.

கள ஆய்வு

அதிகாரி ஒரு பெண். கையில் குடை, தோளில் தண்ணீர் பாட்டில், பேச்சு மெதுவாக இருக்கும். ஜீப்பை விட்டு இறங்கி நடந்தே வந்தார். முதலில் வாய்க்காலைப் பார்த்தார். மேட்டூர் திறப்பதற்கு முன் தூர் வார வேண்டும் என்று நூறு நாள் வேலைப் பெண்கள் அங்கே மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். மல்லிகாவும் கையில் மண்வெட்டியோடு நின்றாள். வழக்கமாக மண்வெட்டியை வரப்பில் வைத்துவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருப்பவள், அன்றைக்கு வேர்க்க வேர்க்க வெட்டிக்கொண்டிருந்தாள். ஊரைக் கிராமமாகவே நிறுத்திவிடலாம் என்று அவள் நம்பியது எனக்குப் புரிந்தது.

அடுத்து வயல், களம், பம்ப்செட். தலைவர் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே வந்தார். "பூரா விவசாயம்மா. வார்டாக்கிட்டா விவசாயம் அழிஞ்சிரும், மாடு கண்ணெல்லாம் போயிரும்" என்றார்.

மரத்தடிக்கு வந்தோம். எருமைகள் அசை போட்டுக்கொண்டிருந்தன. அதிகாரிக்கு எருமை பிடித்துவிட்டது போலிருக்கிறது, நின்று பார்த்தார்.

"எல்லாம் உங்களுதா?" என்று சாமிக்கண்ணுவைக் கேட்டார்.

"ஆமாங்கம்மா."

"நல்லா வச்சிருக்கீங்க."

அதோடு நகர்ந்திருப்பார். ஆனால் எங்கள் ஜில்லாக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அதிகாரி என்று ஒருவர் எதிரே நின்றுவிட்டால், அவர் எந்த இலாகா, எதற்கு வந்திருக்கிறார் என்றெல்லாம் பார்ப்பதில்லை. மனதில் கிடக்கிற குறையைச் சொல்லிவிட வேண்டும். கால்நடை முகாமுக்கு வந்த டாக்டரிடம் பட்டா மாறுதல் கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். சாமிக்கண்ணுவும் கும்பிட்டார்.

"அம்மா, நல்ல நேரத்துல வந்தீங்க. பக்கத்து வீட்டுக்காரன் மாடு போற பாதையை மறிச்சுச் சுவர் வச்சுட்டான். கவுன்சிலரே நேர்ல வந்து பேசிப் பாத்துட்டாரு, இடிக்க மாட்டேங்குறான். நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா…"

தலைவர் இருமினார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"கவுன்சிலரா? எந்த வார்டு?" என்றார் அதிகாரி.

சாமிக்கண்ணு வார்டு நம்பரைச் சொன்னார். மாநகராட்சி வார்டு. தெருப் பெயரையும் சேர்த்துச் சொன்னார், மனு எழுதுகிறவர் முழு விலாசம் சொல்வது போல.

தோப்பூர் மாநகராட்சியில் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அது எங்களுக்குத் தெரியாததல்ல. தெரியும். ஆனால் ஒரு தெரு முழுக்க எருமை கட்டியிருப்பதைப் பார்க்கும்போது யாருக்கு வார்டு ஞாபகம் வரும்? கிராமம் என்று நிரூபிக்க மாநகராட்சியிலிருந்து மாடு இரவல் வாங்கியிருந்தோம்.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "வார்டு ஆனதுக்கப்புறமும் மாடு வச்சிருக்கீங்களே, கஷ்டமா இல்லையா?"

"மாடு என்ன வார்டு பாத்தாம்மா புல்லு திங்குது?" என்றார் சாமிக்கண்ணு. அவருக்கு இன்னும் சுவர் விஷயம்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப வார்டானா மாடு கண்ணு போயிடும்னு சொல்ல முடியாதில்ல தலைவர்?" என்று அதிகாரி கேட்டார். தலைவர் தலையை ஒரு மாதிரியாக ஆட்டினார். அது ஆமாமா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு அவருக்கு அது ஒரு வசதியாகவும் இருந்திருக்கும். பதவி போவதற்கான பழி எருமை மேல் விழுந்துவிட்டது.

வாய்க்காலைத் தாண்டி நகர்களைப் பார்த்தோம். சந்தானம் சார் எல்லாவற்றையும் கணக்காகக் காட்டினார். பார்த்து முடித்ததும், "ஒரு டீ சாப்பிட்டுப் போகலாம் மேடம்" என்று தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். தலைவரும் நானும் கூடவே போனோம்.

ஹாலில் உட்கார்ந்ததும் உள்ளேயிருந்து தட்டோடு வந்தது மல்லிகா. கால் கழுவி, சேலையைச் சரிசெய்துகொண்டு, குறுக்கு வழியாக எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தாள். விரல் நகத்தில் மட்டும் வாய்க்கால் சேறு ஒட்டிக்கொண்டிருந்தது.

அதிகாரி அவளைப் பார்த்தார். "உங்களைக் காலையில வாய்க்கால்ல பாத்தேனே?"

"ஆமாம்மா. காலையில கிராமம். அதுக்கப்புறம் டவுனு."

"உங்களுக்கு எது வேணும்? சும்மா சொல்லுங்க."

சோபாவில் சந்தானம் சார், எதிரே தலைவர், சமையல்கட்டு வாசலில் லலிதா அம்மா. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். மல்லிகா தட்டை டீப்பாயில் வைத்தாள்.

"நூறு நாள் வேலை போச்சுன்னா எம்பொண்ணு படிப்பு நின்னுரும்மா. கிராமமே போதும்னு சொல்லி இந்த வீட்டு வேலை போச்சுன்னா எங்க வீட்டுல உலை நின்னுரும். ரெண்டுல எதைக் குடுத்துட்டு எதை வச்சுக்கணும்னு நீங்க சொல்லுங்க. எனக்குத் தெரியலை."

அதிகாரி நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். திறந்தபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு மூடினார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் பார்க்க வந்தது ஊரின் தன்மையை. மல்லிகாவின் தன்மைக்கு அவர் படிவத்தில் பத்தி இருந்திருக்காது.

"டீ ஆறுதும்மா" என்று சொல்லிவிட்டு மல்லிகா உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு

சேர்த்துவிட்டார்கள். நான் ஓய்வு பெற்றதும் ஊராட்சி ஓய்வு பெற்றதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடந்தன. எனக்கு ஒரு சால்வை கிடைத்தது. ஊராட்சிக்கு அதுவும் இல்லை, போர்டை மட்டும் கழற்றினார்கள். கலியபெருமாள் மனைகளை நல்ல விலைக்கு விற்றுவிட்டு, அடுத்த தேர்தலில் கவுன்சிலராக நிற்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சந்தானம் சாரின் மகள் அட்ரஸை மாற்றிவிட்டாள். வீட்டு வரி ஏறியது. ஏறியதைக் குறைக்க மனு எப்படி எழுதுவது என்று கேட்க சார் என் வீட்டுக்கு வந்தார். எழுதிக் கொடுத்தேன்.

நூறு நாள் வேலை நின்றது. மல்லிகா ரொம்ப நாள் சும்மா இருக்கவில்லை. மாநகராட்சி ஒப்பந்தக்காரரிடம் தூய்மைப் பணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தாள். காலையில் வண்டியோடு வீடு வீடாகப் போய்க் குப்பை வாங்க வேண்டும். அவளுக்கு ஒதுக்கிய தெருக்களில் எங்கள் தெருவும் ஒன்று. மதியத்துக்கு மேல் வழக்கம்போல வீட்டு வேலை பார்க்கலாம், மகள் மூன்றாம் வருஷம் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

ஒரு வாரத்துக்குள் என்னைத் தேடி வந்தாள். குரலில் அழுகை எதுவும் இல்லை.

"லலிதா அம்மா நின்னுக்கச் சொல்லிட்டாங்க."

"ஏன்?"

"குப்பை எடுக்குற கையோட சமையல்கட்டுக்குள்ள வேணாமாம். குளிச்சிட்டுத்தாம்மா வர்றேன்னேன். 'உனக்குச் சொன்னாப் புரியாது மல்லிகா, மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல'ன்னாங்க."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அத்தனை வருஷம் வாய்க்கால் சேற்றிலிருந்து ஏறி நேரே போய் அதே கையால் குழம்பு வைத்தவள் அவள். அந்தச் சேறும் யார் வீட்டுச் சேறு? இப்போதே போய்க் கேட்கிறேன் என்று எழுந்தேன். மல்லிகா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"வேணாங்கம்மா. கேட்டு வாங்குற இடம் இல்லை அது. பொண்ணு படிப்புக்கு வண்டி வேலை போதும். சாப்பாட்டுக்கு வேற வழி பாக்குறேன்." பார்த்தாள். ரேஷன் அரிசியும், சாயங்காலம் ஒரு இட்லிக் கடையில் மாவு அரைக்கும் வேலையுமாக வண்டி ஓடியது. மகள் மூன்றாம் வருஷம் போனாள்.

இனி சொல்லப்போவது போன வாரம் நடந்தது. காலையில் என் வீட்டு வாசலில் குப்பை வாளிகளோடு நின்றேன். வண்டி பக்கத்தில் இருக்கும் சந்தானம் சார் வீட்டுக்கு வந்தது. லலிதா அம்மா கேட்டைத் திறக்காமல், மேலாக ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். காய்கறித் தோல், பால் கவர், உடைந்த பாட்டில் எல்லாம் ஒன்றாக இருந்தது. மல்லிகா கையை நீட்டவில்லை.

"மக்குறது, மக்காதது தனித்தனியாப் பிரிச்சுக் குடுங்க மேடம்."

பல வருஷமாக 'அம்மா' என்று கூப்பிட்டவள் 'மேடம்' என்றதில் லலிதா அம்மா ஒரு கணம் தடுமாறினார்.

"என்ன மல்லிகா, புதுசாப் பேசுறே? பிரிக்கிறதெல்லாம் எனக்கு எங்க தெரியும்? நீதானே எப்பவும் பிரிச்சு வைப்பே?"

"அது உள்ளே வந்துக்கிட்டு இருந்தப்ப. இப்ப எனக்கு வாசலோட சரி. பிரிக்காத குப்பையை எடுக்கக் கூடாதுன்னு ரூலு."

வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் என் வாசலுக்கு வந்தாள். என் வாளிகளை வாங்கிக் கொட்டினாள். முழங்கால் வலியில் ஒரு காலை இழுத்து இழுத்து வைத்து அடுத்த வீட்டுக்குப் போனாள்.

சந்தானம் சார் வெளியே வந்தார். பையைக் கையில் வாங்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"பாத்தீங்களா மேடம்? கிராமமா இருந்தப்ப இப்படியா பேசுவாங்க?"

முப்பது வருஷம் எல்லாருக்கும் சொன்ன அந்த "பாக்கிறேன்" நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இந்த முறை சொல்லவில்லை. உள்ளே போய் என் வீட்டிலிருந்து மக்குவதற்குப் பச்சை வாளி ஒன்றும் மக்காததற்கு நீல வாளி ஒன்றும் எடுத்து வந்து அவர் வீட்டு கேட்டுக்கு மேலாக அவரிடம் நீட்டினேன்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் ஊரையும் ஒரு நாள் யாராவது அளக்க வருவார்கள். வயல் எவ்வளவு, வீடு எவ்வளவு, மாடு எத்தனை என்று கேட்பார்கள். சரியாகச் சொல்லுங்கள், இரவல் வாங்கிக் காட்டாதீர்கள். அதோடு, எல்லைக் கோடு யார் வீட்டுச் சமையல்கட்டு வாசலில் போய் முடியும், அந்த வாசலுக்கு வெளியே யார் நிற்பார்கள் என்பதையும் கேட்காமலே சொல்லுங்கள். படிவத்தில் அதற்கு இடம் இருக்காது. ஓரத்திலாவது எழுதிவிடுங்கள்.